டார்கெட்: இலக்கா, குறியா?

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் டார்கெட் என்றால் சுடுவதற்கு எதிரே மாட்டும் அட்டை. அலுவலகத்தில் அதே சொல் மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டிய விற்பனைக் கணக்கு. சொல் பிறந்த இடத்தில் இரண்டு பொருளும் இல்லை. பழைய பிரெஞ்சில் 'டார்ஜ்' என்றால் கேடயம். அதன் சிறுமை வடிவத்திலிருந்து வந்தது டார்கெட்: கையில் பிடிக்கும் சின்ன வட்டக் கேடயம். 18-ஆம் நூற்றாண்டில், வில்வித்தைக்காரர்கள் அம்பு எய்து பழகும் வட்டத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடியைத் தடுக்கிற பொருளின் பெயர் அடி வாங்குகிற பொருளுக்குப் போய்விட்டது.

தமிழில் இதற்கு இலக்கு, குறி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே பலர் எழுதுகிறார்கள். பிஸ்டல் சுடுகிறவர்களுக்கு அப்படி முடியாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பெரும்பாலானவர்கள், குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் சைட்டை, அட்டையின் நடுக் கறுப்பின் மேல் வைப்பதே இல்லை. கறுப்பின் மேல் கறுப்பு சைட்டை வைத்தால் விளிம்பு தெளிவாகத் தெரியாது. கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பகுதியில் சைட்டை நிறுத்துவார்கள். அங்கே நிறுத்தினால் பெல்லட் என்ற சின்னக் குண்டு நடுவில் போய் விழும்படி சைட்டை முன்பே திருகி வைத்திருப்பார்கள். ஆக, குறி வைப்பது ஓரிடம், பட வேண்டியது இன்னோரிடம். குறி என்பது சுடுகிறவர் செய்யும் காரியம். அதனால்தான் குறி வைக்கிறோம், குறி பார்க்கிறோம், குறி தப்புகிறது. எதிரே நிற்கும் பொருள் இலக்கு. டார்கெட்டுக்கு நேர்ச்சொல் இலக்கு என்பதே என் கட்சி.

இலக்கு என்பதை வடமொழியின் 'லக்ஷ', 'லக்ஷ்ய' என்பவற்றோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். லட்சியமும் அந்தக் குடும்பம்தான். 'லக்ஷ' என்றால் அடையாளம், எய்யும் இலக்கு, அப்புறம் நூறாயிரம் என்ற எண்ணும்கூட. தமிழிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. 'இலக்கம் உடம்பிடும்பைக்கு' என்று 627-ஆம் குறள் தொடங்குகிறது. துன்பத்துக்கு இலக்கு இந்த உடம்பு என்று பொருள். இன்று இலக்கம் என்றால் எண். இலங்கையில் வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என்பது அன்றாடப் பேச்சு. இலக்கும் எண்ணும் ஒரே சொல்லில் இருப்பது பழைய கதையாகத் தோன்றலாம். மின்னணு இலக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதலில் தாள் இலக்கு. பெயர்தான் தாள், உண்மையில் அது 170 மில்லிமீட்டர் சதுர அட்டை. கிளப்புகளில் 'கார்டு' என்றே சொல்கிறார்கள். நடுவில் 59.5 மி.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டம். 7 முதல் 10 புள்ளி வரையான வளையங்கள் அதற்குள் அடங்கும். 10-இன் விட்டம் 11.5 மி.மீ., அதற்குள்ளே 5 மி.மீ. அளவில் ஓர் உள்பத்து. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. உள்வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்தின் புள்ளி கிடைத்துவிடும். தொட்டதா இல்லையா என்பதில்தான் தகராறு. அட்டை கிழிந்து விளிம்பு உள்ளே மடங்கிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியும் துளையை நம்ப முடியாது. எனவே, பெல்லட் அளவுக்குச் செய்த கேஜ் என்ற அளவுக் கருவியைத் துளையில் செருகி, அதன் விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு துளையில் கேஜை ஒரே ஒருமுறைதான் செருகலாம். இரண்டாம் முறை செருகினால் துளை விரிந்து, அளவே பொய்யாகிவிடும்.

மின்னணு இலக்கில் இந்த வேலை எதுவும் இல்லை, ஏனென்றால் வளையங்களே இல்லை. எதிரே வெள்ளை முகப்பும் நடுவில் கறுப்பு வட்டமும் மட்டும்தான். ஒலி வழியில் இயங்கும் வகையில், பின்னால் நகரும் பட்டையைத் துளைத்துக்கொண்டு பெல்லட் போகும்போது எழும் சத்தத்தைப் பல மைக்குகள் வாங்குகின்றன. சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் வந்த நேர வித்தியாசத்திலிருந்து பெல்லட் போன இடத்தைக் கணினி கணக்கிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிமீட்டர் போக சுமார் 3 மைக்ரோ விநாடி ஆகும். வெப்பம் கூடினால் ஒலியின் வேகமும் கூடும் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒலிக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, எந்தக் கதிர்கள் மறிக்கப்பட்டன என்று பார்க்கும் வகையும் உண்டு. எப்படியானாலும் வீரரின் பக்கத்துத் திரையில் வருவது ஓர் எண்ணும், அந்த இடத்தைக் காட்டும் ஒரு புள்ளியும்.

புள்ளியைத் தசமம் வரை உடனுக்குடன் சொல்ல முடிவது இதனால்தான். ஏர் பிஸ்டலில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ.; அதைப் பத்தாகப் பிரித்தால் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. ஒரு சுடுதலில் எடுக்க முடிந்த உச்சம் 10.9. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்த 580 முழு எண் கணக்கு. அதோடு 27 உள்பத்து. இறுதிச் சுற்று தசமக் கணக்கு. அங்கே 22 முறை சுட்ட பிறகு அவர் 221.7, தென்கொரியாவின் கிம் யேஜி 221.8. வெள்ளிக்கான போட்டியிலிருந்து மனு வெளியேறி வெண்கலம் பெற்றது அந்த 0.1-இல். அரங்கமே காத்திருக்க, அந்த வித்தியாசத்தைக் கேஜ் வைத்துச் சுடுதலுக்குச் சுடுதல் அளந்து சொல்வது நடக்கிற காரியமல்ல.

பயிற்சிக்கு எது நல்லது என்று கேட்டால் நான் அட்டையின் பக்கம். திரை இருந்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் தலை தானாக அதன் பக்கம் திரும்பும். சுட்ட பிறகும் கையை அப்படியே நிறுத்தி வைக்கும் பழக்கம் கெடும். போட்டிக்கு மின்னணுதான், அதில் பேச்சே இல்லை. பக்கத்து இலக்கைச் சுட்டுவிட்டால்கூட உடனே தெரிந்துவிடும். ஏதென்ஸ் 2004-இல் ரைபிள் வீரர் மேத்யூ எம்மன்ஸ் தங்கத்துக்கு மிக அருகில் இருந்தபோது, கடைசிக் குண்டை அடுத்தவர் இலக்கில் சுட்டுவிட்டார். அவருடைய திரையில் எதுவும் வரவில்லை. அந்தக் குண்டுக்குப் பூஜ்யம், எட்டாம் இடம்.

மின்னணு இலக்கின் பின்னாலும் ஓர் அட்டை மாட்டுகிறார்கள். திரையில் வந்த எண்ணின் மேல் வீரருக்குச் சந்தேகம் வந்து முறையிட்டால், நடுவர்கள் அந்த அட்டையை எடுத்துத் துளைகளைப் பார்ப்பார்கள்.

எழுதும்போது தாள் இலக்கு, மின்னணு இலக்கு என்பவை போதும். காகித இலக்கு என்றாலும் தப்பில்லை, ஆனால் காகிதம் அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல். தாள் நம்முடையது, புல், நெல் முதலியவற்றின் தண்டுக்கு இருந்த பெயர். இலங்கை வாசகர்களுக்கு எழுதினால் இலத்திரனியல் இலக்கு என்று போடலாம். 'மின்னணு குறி' மட்டும் வேண்டாம்.