மீதிக் கிரயத்தை வீட்டுக்காரருக்கே தவணையில் கொடுப்பதானால்

மதுரையில் கே.கே. நகர், ஆனையூர் பக்கம் வாடகை வீடுகளை வாங்க வருகிறவர்களில் சிலர், வங்கிக்குப் போகாமல், முன்பணம் போக மீதியை விற்பவருக்கே மாதத் தவணையில் கொடுத்துவிடலாம் என்ற யோசனையோடு என் அலுவலகப் படியேறுகிறார்கள். யோசனையில் தவறில்லை. விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து, மறு பகுதிக்கு உறுதி சொன்னாலும் அது கிரயம்தான் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது.

அண்மையில் வந்த ஒருவர், மூன்று குடித்தனம் உள்ள மாடி வீட்டை 45 லட்சத்துக்குப் பேசி, 25 லட்சம் உடனே, மீதி 20 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாடகை மொத்தம் 27,000. வீட்டு வரி, மோட்டார் பழுது, வீடு காலியாகக் கிடக்கும் மாதம் என்று 5,000 ஒதுக்கினால் நிற்பது 22,000. ஒரு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் ஆகிறது; முதல் மாத வட்டியே 20,000 போக, அசலில் கழிவது 2,000. குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டு, மாதம் 22,000 கட்டிவந்தாலும் கடன் தீர 20 ஆண்டு ஆகும். அதே கணக்கில் முக்கால் ரூபாய் வட்டி என்றால் 13 ஆண்டுக்குள் முடியும். விற்பவருக்கோ வயது எழுபது. ஆகவே ஐந்தாண்டு தவணை, பிறகு மிச்ச அசலை வங்கிக் கடன் வாங்கி ஒரே தொகையாக அடைப்பது என்று திருத்தினோம். பணம் தவணையில் வந்தாலும், சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி கிரயமான ஆண்டுக்கே கணக்காகும் என்பதால், முன்பணம் அந்த வரியையாவது தாங்க வேண்டும் என்று விற்பவர் கேட்டது நியாயமே.

அதைவிடப் பெரிய கேள்வி, பத்திரம் எப்போது மாறுகிறது என்பது. முழுப் பணமும் தீர்ந்த பிறகே கிரயம் என்றால், வாங்குபவருக்கு இருக்கும் பிடி ஒப்பந்தம் ஒன்றுதான். அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் அது வில்லங்கச் சான்றில் தெரியும். இடையில் விற்பவர் காலமானால் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்துக்கும் அலைய நேரும். இப்போதே கிரயம் செய்து, மீதித் தொகைக்கு விற்பவர் பெயரில் அடமானப் பத்திரம் பதிவது இருவருக்கும் மேல் என்பது என் கருத்து. செலவு சற்றுக் கூடும்.

அப்படிச் செய்யும்போது, "கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வழக்கமான வரியைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. அந்த ஒரு வரி, கொடுபடாத விலைக்காக விற்பவருக்குச் சட்டம் தரும் பொறுப்புரிமையையே, அதாவது பாக்கிக்கு அந்த வீட்டையே ஈடாகக் கொள்ளும் உரிமையையே, கேள்விக்குள்ளாக்கும். எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்குக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

குடியிருப்போர் கொடுத்த அட்வான்ஸையும் மறக்கக் கூடாது. அந்த மூன்று குடித்தனத்தின் அட்வான்ஸ் விற்பவர் கையில் இருந்தது. காலி செய்யும்போது அவர்கள் புது வீட்டுக்காரரிடம்தான் கேட்பார்கள். ஆகவே அதை 25 லட்சத்திலேயே கழித்துக்கொண்டு, குடியிருப்போர் மூவருக்கும் கடிதம் கொடுத்த பிறகே பதிவுக்குப் போனோம்.