சீட்டு போடும் இடத்திலேயே திரும்பிப் போகிறவர்கள்

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். மூன்று மாதமாக வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டேன்.

"வந்தேன் மேடம். ஓ.பி. சீட்டு போடுற இடத்துல என்ன பிரச்சினைன்னு சத்தமா கேட்டாங்க. பின்னாடி எங்க தெருக்காரங்க நின்னாங்க. காய்ச்சல்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டுப் போயிட்டேன்."

பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. இங்கே மருந்தைவிட மருந்து இருக்கும் அறைக்கு வந்து சேருவதுதான் பெரும்பாடு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஓரிடம், ரத்தம் எடுப்பது வேறு கட்டடம். "நாளைக்கு வாங்க" என்றால் பலர் வரவே மாட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் ஒரே தடவையில் ரத்தம் எடுக்கச் சொல்லி, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையம் வரை கூடவே நடந்தோம். சிகிச்சைக்கு எல்லாப் பரிசோதனை முடிவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிகுறியைப் பார்த்தே அன்றைக்கே மருந்து தருவதற்குத்தான் ஏழு நிறங்களில் மருந்துப் பைகள் இருக்கின்றன. ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பை: அசித்ரோமைசின், செஃபிக்சிம், ஒரே வேளை. என் எதிரிலேயே விழுங்கிவிட்டுப் போகலாம். அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் பை, 14 நாள் மாத்திரை. கணவருக்கும் மருந்து கொடுக்காவிட்டால் திரும்பவும் தொற்றும்.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் காட்டிய ரத்த மாதிரிகள், டாக்டர் செல்லப்பன் நிர்மலா சென்னையில் சேகரித்தவை. அவை ரயிலேறிப் பரிசோதனைக்கு வந்தது இந்த வேலூருக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்னமும் வெட்கத்தால் லாட்ஜ் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறார்களே என்று மனசு கேட்பதில்லை.

அரசு மருத்துவமனையில் 'சுகவாழ்வு மையம்' என்ற பலகையைத் தேடுங்கள். சிகிச்சை இலவசம். நேரில் வரத் தயக்கமா, 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. எச்.ஐ.வி. முடிவை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சீட்டு போடும் ஊழியர்களிடமும் உட்கார்ந்து பேசினோம். நோயைக் கேட்க வேண்டாம், அறை எண்ணைச் சொன்னால் போதும் என்று முடிவானது. அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் கணவரோடு வந்தார். அவர் நீட்டிய சீட்டில் எங்கள் அறை எண் மட்டும்தான் இருந்தது.