நிற்கிற ஜெட்டும் செலவு வைக்கும்

புதுச்சேரியில் சொந்த ஜெட் வைத்திருந்தால் என்னென்ன செலவு? அங்கே லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆறேழு பேர் அமரும் சிறிய ஜெட்டுக்கு அது போதும். ஆனால் மே மாத உச்சி வெயிலில் காற்று மெலிந்து, இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறையும். எரிபொருளையோ ஆளையோ குறைத்துக் கிளம்ப வேண்டிய நாளும் வரும்.

எல்லோரும் முதலில் கேட்பது எரிபொருள் செலவைத்தான். இந்த ரகம் மணிக்குச் சுமார் 500 முதல் 700 லிட்டர் குடிக்கும். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வராததால் வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கே நிரப்புவது என்பதே தனிக் கணக்கு. ஆனால் கையைக் கடிப்பது வேறு: இரண்டு பைலட்டுகளின் சம்பளம், சிமுலேட்டர் பயிற்சி, காப்பீடு, ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை. கணக்குக்காக நிலைச்செலவு ஆண்டுக்கு 4 கோடி, பறக்கும் செலவு மணிக்கு 2 லட்சம் என்று வைப்போம். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறந்தால் ஒரு மணிக்கு 6 லட்சம் விழும். 400 மணி நேரம் பறந்தால் 3 லட்சம்.

சென்னைக்கு ஜெட்டில் போவது போல் நஷ்டம் வேறில்லை. நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. 40,000 அடியில் சிக்கனமாக ஓடும் எஞ்சின், அந்த உயரத்தைத் தொடாமலே இறங்கிவிடும். எஞ்சினுக்குள் சுழலும் டிஸ்க்குகளின் ஆயுளை மணியில் அல்ல, சூடாகிக் குளிரும் சுற்றுகளில் கணக்கிடுகிறார்கள். சென்னைப் பயணமும் ஒரு சுற்று, டெல்லிப் பயணமும் ஒரு சுற்று. ஈசிஆரில் காரே மேல்.

கடலோரத்துக்கென்றே உள்ள செலவு உப்பு. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைத்து, ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி தெரிந்தால், அடியில் அரிப்பு தொடங்கிவிட்டது. எஞ்சினுக்குள் போகும் சோடியமோ எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி, டர்பைன் பிளேடுகளில் படிந்து, அந்தச் சூட்டில் நிக்கல் கலவையைத் தின்னும். இதற்கு மருந்து குளிப்பாட்டல்தான். எஞ்சின் ஆறியபின், எரியூட்டாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, தாது நீக்கிய தண்ணீரை, காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்குள் தெளிப்பார்கள். பிறகு எஞ்சினை ஓட்டி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் கழுவியதே வினையாகும்.

ஐப்பசி அடைமழையில் வாரக்கணக்கில் நிறுத்தினால் டாங்க்கைக் கவனிக்க வேண்டும். பாதி காலியான டாங்க்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தேங்கும். நீரும் எரிபொருளும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அது கக்கும் அமிலம் டாங்க்கையே அரிக்கும். அடி வால்வில் கொஞ்சம் வடித்துப் பார்ப்பது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் டாங்க்கைக் காலிசெய்து, மூடிகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அத்தனை நாளும் பைலட் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்.