60-ஐ விட 24 பெரிதாகும் இடம்

1992-இல் அமெரிக்காவின் ‘ஆஸ்கோ டிரக்’ மருந்துக் கடைகளில் விழுந்த சுமார் 12 லட்சம் பில்களை டெராடேட்டா என்ற தரவு நிறுவனத்தின் தாமஸ் பிளிஷாக் குழு அலசியது. மாலை 5 முதல் 7 மணிக்குள் டயப்பர் வாங்கிய பலரின் பில்லில் பீரும் இருந்தது. உடனே இரண்டையும் பக்கத்தில் அடுக்கி விற்பனையை ஏற்றினார்கள் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட கதை. அப்படி அடுக்கை யாரும் மாற்றவில்லை. எனக்குப் பிடித்தது அந்த ஜோடியைக் கண்டுபிடிக்கும் கணக்குதான்.

ஒரு கடையில் 1,000 பில்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பில்லில் இட்லி மாவு, 600-இல் பால், 80-இல் பொட்டுக்கடலை. மாவும் பாலும் சேர்ந்து வந்தவை 60, மாவும் பொட்டுக்கடலையும் 24. பார்த்தவுடன் பால்தான் மாவுக்கு ஜோடி என்று தோன்றும். ஆனால் மாவு வாங்காதவர்களிலும் நூற்றுக்கு 60 பேர் பால் வாங்குகிறார்களே! மாவால் அங்கே எந்த மாற்றமும் இல்லை. பொட்டுக்கடலையோ பொதுவாக நூற்றுக்கு 8 பில்லில்தான் வரும். மாவு உள்ள பில்களில் 24. மூன்று மடங்கு. சட்னிக்குத்தான், வேறென்ன! இந்த மடங்கை ‘லிஃப்ட்’ என்கிறார்கள். அது 1 என்றால் உறவு இல்லை. வெறும் எண்ணிக்கையை மட்டும் வரைபடமாகக் காட்டும் அறிக்கையை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

சரி, எல்லா ஜோடிகளையும் எண்ண முடியுமா? 10,000 பொருள்கள் உள்ள கடையில் ஜோடிகளே ஏறக்குறைய 5 கோடி. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16,000 கோடியைத் தாண்டும். இதற்கு 1994-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் ‘அப்ரியோரி’ என்ற வழிமுறையைத் தந்தார்கள். குறைந்தது 20 பில்லிலாவது வந்தால்தான் கணக்கில் சேர்ப்போம் என்று முதலில் ஒரு வரம்பு. குங்குமப்பூ மொத்தமே 5 பில்லில்தான் வந்திருக்கிறது என்றால், அது இடம்பெறும் எந்த ஜோடியும் 5-ஐத் தாண்டாது. ஆகவே அந்த ஜோடிகளை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. வரம்பைத் தாண்டிய பொருள்களிலிருந்து மட்டும் ஜோடிகள், தேறிய ஜோடிகளிலிருந்து மட்டும் மூன்றன் கூட்டுகள். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு பெரிய வேலையை மிச்சப்படுத்துவது அழகு.

ஒன்றை மறக்கக் கூடாது. லட்சக்கணக்கான ஜோடிகளை அலசினால் சில தற்செயலாகவே பொருந்திப்போகும். அதனால் ஜனவரி பில்லில் கிடைத்ததை பிப்ரவரி பில்லிலும் சோதிக்க வேண்டும். அப்புறம், சில கிளைகளில் மட்டும் பொட்டுக்கடலையை மாவுக்குப் பக்கத்தில் வைத்து, மற்றக் கிளைகளின் விற்பனையோடு ஒப்பிட வேண்டும். அடுக்கை மாற்றியதால்தான் விற்பனை கூடியதா என்பது அப்போதுதான் தெரியும்.