பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் தொழிலாளர் உறவு: முடிவு யார் கையில்?

பெங்களூரில் எச்.ஏ.எல். (விமானம்), பி.இ.எல். (மின்னணுக் கருவிகள்), பி.இ.எம்.எல். (கனரக இயந்திரங்கள்) போன்ற மத்திய அரசு ஆலைகளில் பணிபுரியும் தமிழர்கள், ஒரு குறையை எழுப்பும் முன் அது எந்த அரசின் வரம்பில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பொதுத்துறை நிறுவனத் தகராறுகளில் சமரசம் பேசுவது மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு, பி.எம்.டி.சி. (பெங்களூர் மாநகரப் பேருந்துக் கழகம்) போன்ற மாநில நிறுவனங்களுக்கு அது கர்நாடகத் தொழிலாளர் துறை.

சம்பளப் பேச்சில் எதிரே அமரும் நிர்வாகத்துக்கு முழு அதிகாரம் கிடையாது. 2017 நவம்பரில் மத்தியப் பொது நிறுவனங்கள் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நிறுவனம் சங்கத்துடன் பேசித் தொழிலாளர் சம்பளத்தை முடிவு செய்யலாம். ஆனால் கூடுதல் செலவை நிறுவனமே தாங்க வேண்டும், அரசு பட்ஜெட்டிலிருந்து உதவி வராது. அதிகாரிகளின் சம்பளமோ ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி தனியாக மாறுகிறது. உரசல் பெரும்பாலும் இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் பிறக்கிறது. எச்.ஏ.எல். தொழிலாளர்கள் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது, அதிகாரிகளுக்குக் கிடைத்த உயர்வுக்கு இணையாகத் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நீடித்த பெங்களூர் பொதுத்துறை வேலைநிறுத்தமும் மற்றொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல். தரும் சம்பளத்துக்கு இணை கேட்டு எழுந்ததே. தொகை எவ்வளவு என்பதைவிட, பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதே கோபத்தைக் கிளப்புகிறது என்று தோன்றுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020, சங்கங்களின் நிலையையும் மாற்றியுள்ளது. பல சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேசும் உரிமை பெறும். எதற்கும் அந்த அளவு இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைப்பார்கள். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு முன்பு குடிநீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. இப்போது எல்லா ஆலைகளுக்கும் பொருந்தும். பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும்.

விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்க அரசு ஊழியருக்குள்ள அரசியலமைப்பின் 311ஆம் பிரிவுப் பாதுகாப்பு பொதுத்துறை ஊழியருக்கு இல்லை. எனினும், காரணம் சொல்லாமல் முன்னறிவிப்பு மட்டும் கொடுத்து நிரந்தர ஊழியரை நீக்கும் விதி செல்லாது என 1986இல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்திய அரசு நிறுவன வழக்கில் கூறியுள்ளது. நீக்கப்பட்ட தொழிலாளி சமரச அதிகாரியிடம் செல்ல, தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு மட்டுமே கெடு. சமரசம் முறிந்தால், அதிகாரியின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்.