'டெத் மேக்னடிக்' ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் இரைகிறது?

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வெளிவந்தது 2008 செப்டம்பர் 12 அன்று. அதற்கு முந்தைய 'செயின்ட் ஆங்கர்' நிறைய ரசிகர்களை ஏமாற்றியிருந்தது. ரிக் ரூபின் தயாரிப்பில் பழைய வேகமும் நீண்ட கிட்டார் சோலோக்களும் திரும்பி வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அமெரிக்காவில் மூன்றே நாள் விற்பனையில் பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களுக்கு ஒன்று உறுத்தியது: ஸ்னேர் டிரம் (டிரம் செட்டில் சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) அடி விழும்போதெல்லாம் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு இரைச்சல்.

கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, பதிவுக்குள்ளேயே இருக்கிறது.

சிடியில் ஒலி வெறும் எண்கள்தான். விநாடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து, 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைக்கிறார்கள், கடைசிப் படிக்கு மேலே குறிக்க இடமே கிடையாது. டிரம் அடி சட்டென்று உயர எழும்பி உடனே அடங்கிவிடும். அந்த உச்சிக்கு இடம் விட வேண்டுமென்றால் கிட்டாரும் குரலும் கொஞ்சம் கீழேயே இருந்தாக வேண்டும். சரி, மொத்தப் பாட்டும் இன்னும் சத்தமாக வேண்டும் என்றால்? கம்ப்ரஸர், லிமிட்டர் வைத்து உச்சிகளை அமுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மேலே ஏற்றுவார்கள். அளவோடு செய்தால் ராக் இசைக்கு அது தனி முறுக்கு தரும், தப்பே இல்லை. அளவு மீறும்போதுதான் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதற்குப் பெயர் கிளிப்பிங். வளைவாக இருந்த அலை தட்டையானதும், எந்தக் கருவியும் வாசிக்காத புதிய அதிர்வெண்கள் அதில் முளைக்கின்றன. நம் காதில் இரைச்சலாக விழுவது அவைதான். வீட்டில் வால்யூமைக் குறைத்தாலும் அது போகாது, ஏனென்றால் வெட்டிய பகுதி அந்த சிடியில் எங்குமே இல்லை.

இதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ 3' வீடியோ கேமுக்கும் வந்தன. கேமுக்குக் கருவிகளின் ஒலி தனித்தனியாக வேண்டும் என்பதால், அந்தப் பதிப்பு கடைசிக்கட்ட அமுக்கலுக்குத் தப்பிவிட்டது. இரண்டையும் ஒப்பிட்ட ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யக் கோரிய (அதாவது, தனித்தனி ஒலிகளைத் திரும்பவும் கலந்து தரச் சொன்ன) மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங், அதாவது மிக்ஸுக்குப் பிறகு கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்த டெட் ஜென்சனோ, மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே நசுக்கப்பட்டுத்தான் வந்தது என்றார்.

தெரிந்தே ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு அளவில் போட்டால், சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றும். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை, கூட்டினால் பேஸ் நிறைந்து கேட்கும். அடுத்த இசைக்குழுவின் பாட்டுக்குப் பக்கத்தில் நம்முடையது சோகையாகக் கேட்டுவிடுமோ என்ற பயம்தான் 1990களிலிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் தருவது 'தி டே தட் நெவர் கம்ஸ்'. மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து வெடிக்கிற பாட்டு அது. அந்த வெடிப்புக்கு மேலே எழும்ப இடமே விடவில்லை.

இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களின் சராசரிச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. சத்தமான பதிவு தானாகவே கீழே இறக்கப்படுகிறது, அப்படி இறக்கிய பிறகும் டிரம்ஸ் இரைந்துகொண்டுதான் இருக்கிறது.