பிறந்தபோது எத்தனை கிலோ?

எட்டரை வயதுப் பெண்ணோடு ஒரு அம்மா வந்தார். மார்பில் ஒரு பக்கம் மட்டும் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள், கேன்சராக இருக்குமோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். கேன்சர் இல்லைம்மா, பருவம் தொடங்குவதற்கு இதுதான் முதல் அடையாளம், ஒரு பக்கம் முந்துவது சகஜம் என்றேன். "எல்லாம் அந்த பிராய்லர் கோழிதான் டாக்டர்" என்றார் கூட வந்த பாட்டி.

கோழியை விட்டுவிட்டு, "நீங்க எத்தனை வயசுல வயசுக்கு வந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டேன். பத்தரை. அப்புறம் தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தால், குழந்தையின் பிறப்பு எடை 2.1 கிலோ. "ஒல்லியா பிறந்தா, ஒரே வருஷத்துல கொழுகொழுன்னு தேத்திட்டோம்" என்றார் பாட்டி. எனக்கு வேண்டிய பதில் அதில்தான் இருந்தது.

மகள் எப்போது பூப்பெய்துவாள் என்பதில் ஏறக்குறைய பாதி, சில ஆய்வுகளின்படி அதற்கும் மேலே, மரபணுக்களின் கையில் இருக்கிறது. அம்மா சீக்கிரம் என்றால் மகளும் சீக்கிரம் ஆக வாய்ப்பு அதிகம். அப்பா வழியையும் கேட்க வேண்டும், ஏனென்றால் மிகச் சிறு வயதிலேயே பருவம் தொடங்கவைக்கும் ஒரு மரபணுக் கோளாறு அப்பாவிடமிருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும்.

மீதியில் ஒரு பங்கு கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் சரியாக வளராமல் எடை குறைவாகப் பிறந்து, பிறகு மளமளவென்று எடை ஏறும் பெண் குழந்தைகளுக்குப் பருவம் முந்துகிறது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண்களைப் பற்றி 1991-இல் வெளியான ஆய்வில், அவர்களில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள்ளேயே பூப்பெய்தியிருந்தார்கள், இது வழக்கத்தைவிடச் சீக்கிரம். ஊட்டமில்லாத தொடக்கம், போன இடத்தில் வேகமான வளர்ச்சி. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், சேமிப்பு போதும், பருவம் தொடங்கலாம் என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. இன்னொரு முனையில், கர்ப்பத்துக்கு முன்பே அம்மாவுக்கு உடல் பருமன், கர்ப்பகாலச் சர்க்கரை, புகைப்பழக்கம் இருந்தாலும் மகளுக்குப் பருவம் சற்று முந்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் சில மாத வித்தியாசம்தான். இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம், வீட்டில் யாரும் அவரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம், கர்ப்பிணிக்குச் சரியான சாப்பாடும் ஓய்வும் கொடுப்பது குடும்பம் முழுவதன் பொறுப்பு.

சரி, எடை குறைந்த குழந்தையைப் பட்டினி போடவா சொல்கிறேன்? இல்லவே இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் பருப்புச் சாதம், முட்டை, காய். பாலில் சர்க்கரையை அள்ளிப் போடுவதையும், டப்பா பவுடரையும், பிஸ்கட்டையும்தான் நிறுத்தச் சொல்கிறேன். அதேபோல் கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையை, வாந்தி வருகிறது என்று தள்ளிப் போடாதீர்கள்.

8 வயதுக்குள் மார்பு வளர்ச்சி தெரிந்தாலோ, 13 ஆகியும் தெரியாவிட்டாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். வரும்போது அந்தப் பழைய அட்டையையும், பள்ளியில் குறித்த உயரக் கணக்கையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இந்தப் பெண்ணுக்கு இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பின் முதிர்ச்சி, ஒன்பது என்று வந்தது, பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி எதுவும் தேவைப்படவில்லை. மார்பு வளர்ச்சி தொடங்கி மாதவிடாய் வர பொதுவாக இரண்டு, இரண்டரை வருடம் இருக்கிறது. அதற்குள் மகளிடம் எப்படிப் பேசுவது என்று அம்மா கேட்டார், அன்று அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.